தலைச்சாயத்தை நிறுத்துவதா, தொடர்வதா? நரைக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாயம் பூசி 18 நாள் ஆகியிருக்கும். கண்ணாடி முன் நின்று சீப்பின் நுனியால் வகிடு எடுக்கும்போது, தோலை ஒட்டி அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். காதோரத்தில் அது இன்னும் அகலமாக இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை மனம் ஒதுக்கி வைத்துவிடும். பல ஆண்டுகள் இப்படியே போன பிறகு ஒரு நாள், ‘இதை விட்டுவிட்டால்தான் என்ன?’ என்று தோன்றும். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகள் சாயம் பூசிவிட்டு நிறுத்தியவன் என்ற முறையில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சாயத்தை நிறுத்த முடிவு செய்தவர்களில் பாதி வழியில் திரும்பியவர்களாக நான் அறிந்த அனைவரையும் தோற்கடித்தது இடைக்காலம்தான். முழு நரையை அவர்கள் பார்க்கவே இல்லை. மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக இருக்கும் அந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்று முன்பே திட்டமிடாததால் அவர்கள் கைவிட்டார்கள்.

முதல் படி: காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

நிறுத்த நினைப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் அவசரமும் இருக்கிறது.

காரணம் ஒவ்வாமை என்றால், இதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை, நிறுத்திவிட வேண்டியதுதான். நிரந்தரச் சாயங்களில், குறிப்பாகக் கறுப்பு, அடர்பழுப்பு ஆகியவற்றில், பாரா-ஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் இருக்கும். சுருக்கமாக இதைப் பி.பி.டி. என்பார்கள். இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் செய்யவில்லையே என்ற வாதம் இங்கே எடுபடாது; ஆண்டுக்கணக்கில் பூசிய பிறகும் உடல் ஒரு நாள் இதற்கு எதிராகத் திரும்பலாம். முன்நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் பிடரியிலும் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், இமை வீக்கம் என்று அது தொடங்கும். முதல் முறை லேசாக வந்து போனால், அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. லேசான அரிப்பாக இருந்தாலும் தோல் மருத்துவரிடம் சென்று ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பி.பி.டி.க்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு, சில துணிச் சாயங்களும் மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளும்கூட ஒத்துக்கொள்வதில்லை.

இங்கே பலர் ஏமாறும் இடம் சாயப் பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகம். ‘அம்மோனியா இல்லாதது’ என்றால் அம்மோனியா மட்டும்தான் இல்லை. அதன் இடத்தில் வேறொரு காரப்பொருள் இருக்கும், பி.பி.டி.யும் இருக்கலாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் பொடிகளிலும் இதே வேதிப்பொருள் கலந்திருப்பதுண்டு. தூய மருதாணி இலைப்பொடி நரைமுடிக்குச் செம்மஞ்சள் நிறத்தைத்தான் தரும். கழுவியதும் கறுப்பாகத் தெரிகிறதென்றால், அவுரியோ வேதிச்சாயமோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

காரணம் புற்றுநோய் அச்சம் என்றால், நிலவரத்தை நிதானமாகத் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முடிதிருத்துநர்களும் அழகு நிலையப் பணியாளர்களும் தொழில்முறையில் தலைச்சாயங்களைக் கையாள்வது ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் வைக்கப்பட்டது. தன் தலைக்குத் தானே பூசிக்கொள்பவர்களைப் பொறுத்தவரை, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று சொல்லப்பட்டது. அதாவது, பீதியில் இன்றே நிறுத்த வேண்டிய நிலையும் இல்லை; முழுத் துணிச்சலோடு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிடவும் முடியாது. இந்தக் காரணத்துக்காக மட்டும் யோசிப்பவர்கள், பூசும் இடைவெளியை நீட்டுவதையும் வெளிர்நிறத்துக்கு மாறுவதையும் ஒரு நடுவழியாகக் கொள்ளலாம்.

காரணம் சலிப்பு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 17 முறை. கலக்குவது, பூசுவது, காத்திருப்பது, அலசுவது, குளியலறைத் தரையைத் தேய்ப்பது எல்லாம் சேர்த்து முறைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 34 மணி நேரம். இது சிலருக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலருக்கு மலைப்பாக இருக்கும். இரண்டுமே நேர்மையான விடைகள்தான்.

யாரோ சொன்னார்கள் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. ‘நரையோடு இருப்பதுதான் கம்பீரம்’ என்று சொல்பவரும், ‘இப்பவே ஏன் வயசானவர் மாதிரி?’ என்று கேட்பவரும் உங்கள் தலையை நாள்தோறும் சீவப்போவதில்லை.

ஒரு விலக்கு உண்டு. 25 வயதுக்குள்ளேயே நரை பரவியிருந்தால், அதை மருத்துவர்கள் இளநரை என்றே கருதுவார்கள். பெரும்பாலும் அது மரபுவழி வருவது. ஆனால் வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுச் சிக்கல் போன்றவையும் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், சாயத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: உங்கள் நரையைப் பாருங்கள்

நெடுங்காலம் சாயம் பூசுபவர்கள் தங்கள் உண்மையான தலையைப் பார்த்ததே இல்லை. பூசத் தொடங்கிய ஆண்டில் காதோரம் நாலைந்து இழைதான் இருந்திருக்கும். இன்று எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. பார்க்காத ஒன்றைப் பற்றி முடிவெடுப்பதால்தான் முடிவு இழுத்துக்கொண்டே போகிறது. எனவே ‘இனிமேல் சாயமே இல்லை’ என்று உறுதி எடுக்க வேண்டாம். பத்து வாரம் மட்டும் பூசாமல் இருந்து பாருங்கள்.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். பத்து வாரத்தில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வளர்ச்சி கிடைத்துவிடும். நரை எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிய அது போதும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு அருகே, இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு நான்கு இடங்களைப் பாருங்கள்: முன்நெற்றி, காதோரங்கள், உச்சி, பிடரி. ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். குளியலறை விளக்கின் கீழ் பார்த்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சாம்பல் நிறத்துக்கென்று தனியாக ஒரு நிறமி கிடையாது. முடியின் வேர்ப்பையில் உள்ள நிறமிச் செல்கள் மெலனினைத் தருவது குறையக் குறைய, அந்தப் பையிலிருந்து வரும் இழை வெளிறி, கடைசியில் வெள்ளையாகிவிடும். வெள்ளை இழைகளும் கறுப்பு இழைகளும் கலந்து நிற்பதைத்தான் நம் கண் சாம்பல் என்று படிக்கிறது. ஆகவே ‘நரை’ என்று நாம் சொல்வது ஒரு கலவை விகிதம். அது தலையின் ஒவ்வொரு பகுதியிலும் வேறுபடும். பெரும்பாலானவர்களுக்குக் காதோரம் முந்திக்கொள்ளும், பிடரி கடைசியில் வரும்.

நீங்கள் காணப்போவது மூன்றில் ஒன்றாக இருக்கும். தலை முழுவதும் ஒரே சீராக வெள்ளை என்றால் மாறுவது எளிது, விளைவும் துலக்கமாக இருக்கும். மிளகும் உப்பும் கலந்தாற்போல் பரவலாக இருந்தால் அதுவும் நல்லதே. சாயக்கோடு அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. முன்னால் வெள்ளை, பின்னால் கறுப்பு என்று திட்டுத்திட்டாக இருந்தால்தான் முடிவு கடினம், ஏனெனில் சாயத்தை முழுவதும் வெட்டி எறிந்த பிறகும் அந்தத் திட்டுகள் இருக்கும். எனக்கு இது மூன்றாவது வகை. வலப்பக்க நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை இருப்பது பத்து வாரம் காத்திருந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை மறைக்க நினைத்தேன். பிறகு வகிட்டை அந்தப் பக்கம் மாற்றி, அதையே முன்னால் விட்டேன்.

பத்து வாரத்தின் முடிவில் பிடிக்கவில்லை என்றால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. இப்போது தெரிந்துகொண்டு பூசுகிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: இடைக்காலத்தின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்

ஓர் அளவுநாடாவை எடுத்து, உச்சியிலிருந்து முடியின் நுனி வரை அளவெடுங்கள். நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் நீளம் 6 சென்டிமீட்டர் என்றால் ஐந்தாறு மாதத்தில் சாயம் முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விடும். 20 சென்டிமீட்டர் என்றால் 16 முதல் 20 மாதம். 30 சென்டிமீட்டர் என்றால் இரண்டு முதல் இரண்டரை ஆண்டு. இடுப்பு வரை கூந்தல் உள்ளவர்கள் இதை நான்கைந்து ஆண்டுத் திட்டமாகவே எண்ண வேண்டும். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவதுதான் நான் கண்ட பெரிய தவறு. ‘மூன்று மாதத்தில் முடிந்துவிடும்’ என்று நினைத்தவர்கள் நான்காம் மாதத்தில் பெட்டியைத் தேடுவார்கள்.

இத்துடன் நாட்காட்டியையும் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்தில் திருமணம், நேர்முகத் தேர்வு, மேடைப் பொறுப்பு எதுவும் இருக்கிறதா? இருந்தால், அது முடிந்த மறுநாள் தொடங்குவதில் தவறில்லை. தாடி, மீசைக்கு மட்டும் சாயம் பூசுபவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்: ஒரு முறை மழித்துவிட்டு வளர்த்தால் சில வாரங்களில் வேலை முடிந்தது.

நான்காம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

வெறுமனே வளர விடுவது முதல் வழி. எந்தப் பொருளும் வேண்டாம், முடிக்கும் கேடில்லை. பொறுமை மட்டும் வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை நுனியை வெட்டிக்கொண்டே வந்தால், சாயக்கோடு நுனியை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த முன்னேற்றம்தான் பொறுமைக்குத் தீனி.

இரண்டாவது, ஒரேயடியாகக் குட்டையாக வெட்டிக்கொள்வது. மூன்று மாதம் வளரவிட்டுப் பிறகு வெட்டினால் ஒரே நாளில் இடைக்காலம் முடிந்துவிடும். துணிச்சலானவர்களின் வழி என்பார்கள். என் பார்வையில் இது சோம்பேறிகளுக்கும் உகந்த வழி, நான் இதைத்தான் செய்தேன். ஆனால் குட்டை முடி உங்கள் முகத்துக்குப் பொருந்துமா என்று தெரியாதவர்கள் இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டாம். கண்ணாடியில் தெரிவது பிடிக்காமல் போனால், பழி நரையின் மேல்தான் விழும்; குற்றவாளி வெட்டாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, கோட்டை மங்கலாக்குவது. தேர்ந்த நிறக்கலைஞர், சாயம் பூசிய பகுதியில் மெல்லிய இழைகளாகப் பிரித்து வெளுக்கச் செய்து, அதன் மேல் சாம்பல் சாயலை ஏற்றுவார். அல்லது நரைத்த பகுதியில் அங்கங்கே அடர் இழைகளைச் சேர்ப்பார். இரு நிறங்களுக்கும் இடையே உள்ள எல்லை கரைந்துவிடும். நீளமான கூந்தலைக் குறைக்க மனமில்லாதவர்களுக்கு இதுவே ஏற்றது. செலவும் நேரமும் கூடுதல், வெளுக்கும் இடத்தில் முடி பலவீனமாகும். ஆண்டுக்கணக்கில் கறுப்புச் சாயம் ஏறிய முடி ஒரே அமர்வில் வெள்ளையாகாது. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

மருதாணியோ உலோக உப்பு கலந்த சாயமோ முன்பு பூசியிருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உலோக உப்பு உள்ள முடியில் வெளுப்பான் படும்போது முடி சூடேறி அறுந்துபோகக்கூடும். ஒரு சிறு கற்றையை வெட்டிச் சோதித்துப் பார்த்த பிறகே தலையில் கை வைக்க அனுமதியுங்கள்.

நான்காவதாகச் சிலர் சாய நீக்கியை நாடுவார்கள். இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. நிரந்தரச் சாயம் பூசும்போது, காரப்பொருள் முடியின் மேல்செதில்களை விரிக்கிறது. உள்ளே நுழையும் சிறு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையால் ஒன்றுசேர்ந்து, வெளியேற முடியாத அளவுக்குப் பெரிதாகின்றன. அதே பெராக்சைடு, முடியின் இயற்கை மெலனினையும் ஓரளவு வெளுத்துவிடுகிறது. சாய நீக்கி அந்தப் பெரிய மூலக்கூறுகளைச் சிறிதாக்கி வெளியேற்றலாம். போன மெலனினைத் திருப்பித் தராது. எனவே நீக்கிய பின் உங்கள் பழைய கறுப்பும் வராது, நரையும் வராது. ஒருவகைச் செம்பட்டைதான் எஞ்சும். மருதாணி விஷயத்தில் அது வேலையே செய்யாது.

ஐந்தாம் படி: முதல் ஆறு மாதத்தைக் கடப்பது

இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை உள்ள பகுதிதான் கடினம். கோடு பளிச்சென்று தெரியும்; ஆனால் அதை ஒரு தீர்மானம் என்று பிறர் புரிந்துகொள்ளும் அளவுக்கு அகலமாக இராது. பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவாகவே படும். ‘உடம்பு சரியில்லையா?’ என்ற கேள்வி இந்தக் காலத்தில்தான் வரும். ‘சாயத்தை நிறுத்திவிட்டேன், வளர்ந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நீண்ட விளக்கம் கொடுத்தால் அறிவுரை திரும்ப வரும்.

நேர்வகிடு எடுப்பவர்கள் அதைப் பக்கவகிடாகவோ வளைந்த வகிடாகவோ மாற்றினால் கோட்டின் கூர்மை பாதியாகக் குறையும். முக்கியமான நாள்களில் வேரில் தூவும் நிறப்பொடியோ தெளிப்பானோ உதவும். அடுத்த தலைக்குளியலில் அது போய்விடுவதால் வளர்ச்சி கெடாது. ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்று நிரந்தரச் சாயத்தை எடுத்தால் மட்டும் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பெட்டிகளை முதல் வாரமே அப்புறப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஜன்னல், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு படம் எடுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணாடி எதையும் காட்டாது. மூன்று படங்களை வரிசையாக வைத்தால்தான் நகர்வது தெரியும்.

ஆறாம் படி: வெள்ளை முடியைப் பேணுதல்

நரைமுடியின் முதல் எதிரி மஞ்சள். வெயில், புகை, தண்ணீரிலுள்ள இரும்பும் செம்பும், முடியை நேராக்கும் சூட்டுக் கருவி ஆகிய எல்லாமே வெள்ளை இழையில் மஞ்சள் பூக்கச் செய்யும். கறுப்பு முடியில் இதே படிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கு ஊதா ஷாம்பு பயன்படும். நிறவட்டத்தில் மஞ்சளுக்கு எதிரே ஊதா இருப்பதால், சிறிதளவு ஊதா படிந்தால் மஞ்சள் மட்டுப்படும். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று நிமிடம் போதும். முதல் முறை நான் அதைத் தலையில் போட்டுவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்தேன். இருபது நிமிடம் கழித்து அலசிப் பார்த்தபோது நெற்றிப் பட்டை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. நான்கு முறை சாதாரண ஷாம்பு போட்டுத் தேய்த்த பிறகும் இரண்டு நாள் அந்தச் சாயல் போகவில்லை. கடினநீர் உள்ள இடங்களில் ஊதாவைவிட, உலோகப் படிவை அகற்றும் ஷாம்புவை மாதத்துக்கு ஓரிரு முறை பயன்படுத்துவதே பலன் தரும்.

இரண்டாவது, வறட்சி. வயது கூடக் கூடத் தலைத்தோலில் எண்ணெய் சுரப்பது குறைகிறது. நரைத்த இழை பலருக்கு முரண்டு பிடிப்பதற்கும் சிலிர்த்து நிற்பதற்கும் அதுவும் ஒரு காரணம். தினமும் ஷாம்பு போடுவதைக் குறைத்து, நுனிகளுக்குக் கண்டிஷனர் போட்டு, ஈரமாக இருக்கும்போதே ஓரிரு துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் படியும். நெடுநேரம் வெயிலில் நிற்பவர்கள் தொப்பியோ குடையோ எடுத்துச் செல்லட்டும். முடிக்கு ஓரளவு புற ஊதாக் கவசமாக இருந்த மெலனின் இப்போது இல்லை.

முகத்தின் அருகே உள்ள நிறங்களும் மாறிவிட்டதால், சில உடைகள் திடீரென்று பொருந்தாமல் போகும். கறுப்பு முடிக்கு எடுப்பாக இருந்த மங்கலான பழுப்பும் மணல்நிறமும் வெள்ளை முடியோடு சேர்ந்தால் முகம் வெளிறித் தெரியும். அடர்நீலம், பச்சை, சிவப்பு போன்றவை கைகொடுக்கும். புருவம் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், முகத்துக்கு வரம்பு கட்டுவது அதுதான். தலைக்குரிய சாயத்தைப் புருவத்துக்குப் பூசுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

திரும்பிப் போக விரும்பினால்

சாயம் முழுவதும் போய் மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு தேதியைக் குறித்து வைத்து அன்று உட்கார்ந்து யோசியுங்கள். அதற்கு முன் எடுக்கும் எந்த முடிவும் இடைக்காலத்தைப் பற்றியதாகவே இருக்கும். அன்றும் மனம் ஒப்பவில்லை என்றால், ஒவ்வாமையால் நிறுத்தியவர்களைத் தவிர மற்றவர்கள் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டவர்கள், பழைய பழக்கம்தானே என்று நேராகத் தலையில் பூசக் கூடாது. பெட்டியில் உள்ள குறிப்பின்படி சிறிதளவு கலவையைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் மட்டுமே பூச வேண்டும். முன்பு பூசிய கருங்கறுப்புக்குப் போகாமல் அதைவிட இரண்டு படி வெளிர்ந்த பழுப்பையோ, சில வாரங்களில் தானாகவே மங்கும் அரைநிரந்தரச் சாயத்தையோ எடுத்தால், 18-ஆம் நாளில் வகிட்டில் தெரியும் அந்தக் கோடு இத்தனை பளிச்சென்று இராது. முழு வெள்ளையான இழைகளில் சிலருக்குச் சாயம் எளிதில் ஏறாது என்பதால், காதோரத்திலிருந்து பூசத் தொடங்கி, உச்சிக்குக் கடைசியாக வாருங்கள்.